விண்முகிலுக்கு ஒளியூட்டும் இளம் விண்மீன்கள்

பிப்ரவரி மாதத்தில் இரவு எட்டு மணியளவில் தெற்கு நோக்கி நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும் மூன்று விண்மீன்கள் தெரியும். அவை வேடன் வடிவில் அமைந்த ஓரியன் கூட்டத்தின் இடைக்கச்சை ஆகும். கச்சைக்கு ஒரு பக்கத்தில் செந்நிறமாக ஒளிர்வது, நம் முன்னோர் திருவாதிரை எனப் பெயரிட்ட விண்மீன். அதற்கு எதிர்ப்பக்கத்தில், கச்சையிலிருந்து வாள்போல் தொங்கும் சிறு வரிசையின் நடுவே மங்கலான ஒளித்திட்டு ஒன்று உண்டு. நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் அதனை வெறுங்கண்ணாலேயே காணலாம். அதுவே ஓரியன் விண்முகில்.

வாயுவும் தூசியும் நிறைந்த பெருந்திரளே விண்முகில் எனப்படும். இதனை நெபுலா என்றும் கூறுவர். ஓரியன் விண்முகில் ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்றிரவு நம் கண்ணை அடையும் அதன் ஒளி, 1,350 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டதாகும்.

முகிலுக்குத் தனக்கென ஒளி இல்லை. அதற்கு ஒளியூட்டுபவை அதன் நடுவே சரிவக வடிவில் அமைந்த நான்கு விண்மீன்கள். 1617ஆம் ஆண்டு கலீலியோ தம் தொலைநோக்கியால் அவற்றுள் மூன்றனைக் கண்டார். நான்கனுள் மிகுந்த ஒளியுடையதன் மேற்பரப்பு, சூரியனின் மேற்பரப்பைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு வெப்பமுடையது. அதுவும் உண்மையில் தனி விண்மீன் அன்று. ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை. அதிலிருந்து வெளிப்படும் புற ஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அவை மீண்டும் இணையும்போது செந்நிற ஒளி பிறக்கிறது. ஒளிப்படங்களில் இம்முகில் சிவந்து தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இவ்விண்மீன்களின் வயது ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகள். சூரியனின் வயதோ 460 கோடி ஆண்டுகள். சூரியனை 46 வயது மனிதராகக் கொண்டால், இவை பிறந்து நான்கே நாள் ஆன குழந்தைகள்!

ஆயினும், இக்குழந்தைகள் தம்மை ஈன்ற முகிலையே கலைத்து வருகின்றன. அருகிலுள்ள சிறிய விண்மீன்கள் பலவற்றைச் சுற்றி, வாயுவும் தூசியும் கலந்த தட்டுகள் சுழல்கின்றன. நம் புவி போன்ற கோள்கள் இத்தகைய தட்டுகளில்தான் உருவாகும். பெரிய விண்மீனின் கடுங்கதிர்கள் அத்தட்டுகளின் வாயுவை ஆவியாக்கி விரட்டுவதை ஹபிள் தொலைநோக்கியின் படங்கள் காட்டின. தட்டு கரைவதற்குள் கோள் உருவாக வேண்டும். முகிலை நமக்குக் காட்டும் ஒளியே அதனை அழிக்கவும் செய்கிறது.

காலப்போக்கில் முகில் கலைந்து, விண்மீன்கள் மட்டுமே எஞ்சும். அவ்வாறு தன் முகிலை இழந்த ஒரு கூட்டத்தையும் அதே வானில் காணலாம். ஓரியனுக்கு மேற்கே சிறு கொத்தாய் மின்னும் கார்த்திகை விண்மீன்களே அவை.