கரையான் கட்டுரைக்கு எத்தனை மார்க்?

மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து ஈசல்கள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். சிறகு முளைத்த கரையான்களே அவை. மூன்று மாலைகள் புற்றருகே காத்திருந்து, அவை கிளம்பிய நேரத்தைக் குறித்து, ஒரு கட்டுரை எழுதிப் பள்ளியின் இணையதளத்தில் வெளியிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் தேடுபவர் கண்ணில் அது முதலில் படவேண்டுமே! அதற்கென்றே செயற்கை அறிவுக் கருவிகள் விற்கப்படுகின்றன. கட்டுரையைக் கொடுத்தால் மார்க் போட்டு, 'இந்தச் சொற்களைச் சேர்' என்று யோசனையும் சொல்லும். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், மார்க் எப்படி வருகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பெண்மணி 1972-ல் ஓர் எளிய கருத்தை வெளியிட்டார். எல்லாக் கட்டுரைகளிலும் வரும் சொல்லால் பயனில்லை. அரிதாக வரும் சொல்லே கட்டுரையை அடையாளம் காட்டும். 1,000 கட்டுரைகளில் 'ஒரு' என்ற சொல் அத்தனையிலும் இருக்கிறது. 1,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 1. அதன் மடக்கை 0. 'கரையான்' 10 கட்டுரைகளில்தான் இருக்கிறது. 1,000-ஐ 10-ஆல் வகுத்தால் 100, மடக்கை 2. இதுவே அச்சொல்லின் எடை. மடக்கை அட்டவணையைப் புரட்டவே வேண்டியதில்லை!

சொற்களை மட்டும் எண்ணினால் ஏமாற்றுவது சுலபம். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவை எழுதிவைத்தவர்களும் உண்டு! 1998-ல் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும், ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்பதையும் கணக்கில் எடுக்கும் முறையை வெளியிட்டனர். இன்று கூகுள் பார்க்கும் அடையாளங்கள் ஏராளம். முழுக் கணக்கையும் அது வெளியே சொல்வதில்லை.

அப்படியானால் கருவிக்கு மட்டும் எப்படித் தெரியும்? தெரியாது! இப்போது முன்னால் நிற்கும் பக்கங்களைப் படித்து, உங்கள் கட்டுரை அவற்றைப் போல இருக்கிறதா என்றுதான் பல கருவிகள் அளக்கின்றன. முன்னால் நிற்பவர்கள் கரையான் மருந்து விற்பவர்களாக இருந்தால், 'மருந்து', 'விலை' என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லும். உங்கள் ஈசல் குறிப்பு வேறெந்தப் பக்கத்திலும் இல்லை. ஆகவே அதற்கு மார்க்கும் இல்லை.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். 'கரையானுக்கு ஆறு கால்கள்' என்ற வரியை 'எட்டுக் கால்கள்' என்று மாற்றிக் கொடுங்கள். மார்க் அசையவில்லையா? கருவிக்கு உண்மையைப் பற்றிக் கவலையில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அடுத்து, 'கரையான்' என்பதைக் காரணமின்றி இருபது இடங்களில் நுழையுங்கள். மார்க் ஏறினால் அதை ஒதுக்கிவிடலாம். எந்தப் பக்கங்களோடு ஒப்பிட்டது என்று காட்டும் கருவி எவ்வளவோ மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் அதன் பேச்சைக் கேட்கலாம். 'மண் கோட்டையின் மர்மம்' என்று நீங்கள் ஆசையாகத் தலைப்பு வைத்திருப்பீர்கள். தேடுகிறவரோ 'கரையான் புற்று' என்றுதான் தட்டுவார். தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள், ஈசல் கிளம்பிய நேரம் அப்படியே இருக்கட்டும்.