பருப்பின் நிறம் மாறியதா?

"காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று" என்ற புகார் நம் தொழிலில் புதிதல்ல. நம் உறுப்பினரான மளிகைக்காரர் ஒருவர், மண்டியிலிருந்து வந்த துவரம் பருப்பு மூட்டைகளைத் திருப்பி அனுப்பவே துணிந்துவிட்டார். மண்டியில் நீலத்தாளில் வைத்துக் காட்டியபோது பொன்போல் இருந்த பருப்பு, கடையில் மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டியதும் வெளிறித் தெரிந்தது. பல ஆண்டுப் பற்றுவரவு முறியும் நிலை. நாம் சென்று, மாதிரிப் பொட்டலத்தையும் மூட்டைப் பருப்பையும் வாசல் வெளிச்சத்தில், ஒரே வெள்ளைத்தாளில் அருகருகே பரப்பினோம். இரண்டும் ஒரே சரக்கு! ஏமாற்றியது மண்டிக்காரர் அல்லர்; நம் கண்.

இத்தகைய வழக்கு பாரீசிலும் நடந்திருக்கிறது. அங்குள்ள கோப்லான் திரைச்சீலை நெசவுச்சாலையில் 1824-இல் சாயப் பிரிவின் தலைவரானவர் செவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்பு நூலில் சாயம் போதவில்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கலாகக் காட்டின. பக்கத்து நிறம் பார்க்கும் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை விளக்கி 1839-இல் நூலே எழுதினார்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. சிவப்பு வலைப்பையில் இட்ட ஆரஞ்சுப் பழம் மேலும் பழுத்ததாகத் தெரியும். மெல்லிய இழைகளின் நிறத்தைக் கண் பழத்தோடு கலந்துவிடுகிறது. விளக்கும் விட்டுவைப்பதில்லை: குண்டு பல்பின் ஒளியில் மஞ்சள் ஓங்கியிருப்பதால் வெள்ளை அரிசியும் பழுப்பேறித் தோன்றும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில:

கொள்முதலின்போது மாதிரியை வெள்ளைத் தட்டில் கொட்டி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாதிரியில் ஒரு பிடியைப் பொட்டலம் கட்டி, தேதியிட்டு வையுங்கள். மூட்டை வந்ததும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பின்பே பேசுங்கள்.

விற்பனையிலும் இதே நியாயம்தான். வலைப்பையும் வண்ண விளக்கும் கடையோடு நின்றுவிடும்; சரக்கை வாடிக்கையாளர் தம் வீட்டு முற்றத்தில் பார்ப்பார். கடையில் கூடுதலாகத் தெரிந்த நிறம் அங்கே குறையாகத் தெரியும். அந்த மளிகைக்காரர் மறுநாளே மஞ்சள் தொட்டியை மாற்றிவிட்டார். மண்டிக் கணக்கும் பழையபடி நடக்கிறது.