ஒத்தவையும் ஒன்றல்லாதவையும்

ஒசூர் அருகே தமிழகத்துள் நுழையும் தென்பெண்ணையின் நீரிலும் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று இரு மடங்கு கனமானது. அதுவே டியூட்ரியம்.

தனிமத்தை இன்னதென முடிவு செய்வது அணு எண், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. நியூட்ரான்களையும் சேர்த்தெண்ணினால் நிறை எண். ஹைட்ரஜனின் மூவகைக்கும் அணு எண் 1. நியூட்ரான் சாதாரண வகையில் இல்லை. டியூட்ரியத்தில் ஒன்று, டிரிட்டியத்தில் இரண்டு. எனவே நிறை எண்கள் முறையே 1, 2, 3.

இத்தகைய ஐசோடோப்புகளை இன்றைய அரபி 'நழாயிர்' என்கிறது. ஃபிக்ஹில் 'அல்அஷ்பாஹ் வந்நழாயிர்' ஓதிய நமக்குப் பழகிய சொல்தான். ஆயினும் ஒத்தவற்றிடையே வேறுபாடு காணும் 'ஃபுரூக்' கலையும் இங்கு வேண்டும். கல்பாக்கத்தில் 1984இல் வணிக உற்பத்தி தொடங்கிய அணுவுலைக்கு இயற்கை யுரேனியமே எரிபொருள். சாதாரண நீர் அதன் நியூட்ரான்களைப் பெரிதும் விழுங்கிவிடும். டியூட்ரியத்தாலான கனநீரோ அவற்றின் வேகத்தை மட்டும் தணித்து, தொடர்வினையை அணையாது காக்கிறது.