15.6 இன்ச் லேப்டாப்பா, 14 இன்ச் போதுமா? வாங்குறதுக்கு முன்னாடி பையைத் தூக்கிப் பாருங்க

போன மாசம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு என் சித்தி பையன் போன் பண்ணான். "அண்ணா, ஒரு கேமிங் லேப்டாப் பார்த்து வச்சிருக்கேன். 95,000 ரூபாய். 18 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ. போட்டுடவா?"

அவனுக்கு கையில வர்ற சம்பளம் 34,000. தாம்பரத்துல பிஜி, கிண்டியில ஆபீஸ். ஊருக்கு மாசம் 10,000 அனுப்புறான். வேலை எக்ஸெல், பவர் பிஐ, மீதி நேரம் மீட்டிங். கம்பெனி, சொந்த லேப்டாப் கொண்டு வரச் சொல்லுது. "கேம் விளையாடுவியாடா?"னு கேட்டேன். "ஞாயித்துக்கிழமை எப்பவாவது"ன்னான்.

எனக்கு என் கதைதான் ஞாபகம் வந்துச்சு. சிஏ முடிச்ச வருஷம், முதல் சம்பளக் காசுல நானும் ஒரு பெரிய 15.6 இன்ச் மெஷின் வாங்கினேன். ஆடிட்டுக்கு கிளையன்ட் ஆபீஸ் ஒவ்வொண்ணா அதைத் தூக்கிட்டு அலைஞ்சேன். ஆறு மாசத்துல தோள்பட்டை வலி. அப்புறம் அது வீட்டு மேஜையிலயே உட்கார்ந்துடுச்சு, நான் ஆபீஸ்ல இருந்த பழைய லேப்டாப்பை எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சேன். மூணாவது வருஷம் பாதி விலைக்கும் கீழே வித்தேன். தப்பு கடைக்காரர் மேல இல்லை. நான் கடையில ஸ்கிரீனைப் பார்த்தேன், ஸ்பீடைப் பார்த்தேன், ஆனா பையில போட்டுத் தூக்கிப் பார்க்கலை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கேமிங் லேப்டாப் சாதாரணமா 2.3 கிலோ இருக்கும். விளம்பரத்துல சொல்லாதது அதோட சார்ஜர், செங்கல் மாதிரி அரை கிலோவுக்கு மேலே. மொத்தம் கிட்டத்தட்ட 2.9 கிலோ. 14 இன்ச் லேப்டாப்னா 1.4 கிலோ, அதோட டைப்-சி சார்ஜர் 200 கிராம் போல. மொத்தம் 1.6. வித்தியாசம் 1.3 கிலோ. காகிதத்துல சின்ன எண்தான். காலையில எட்டரை மணி எலக்ட்ரிக் ட்ரெயின்ல, ஒரு கையில கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கும்போது அது சின்ன எண் இல்லை.

"ஆனா ஸ்கிரீன் சின்னதாயிடுமே அண்ணா?" நியாயமான கேள்வி. இங்கதான் பலர் ஏமாறுறாங்க. இன்ச் கணக்குங்கிறது மூலைக்கு மூலை அளவு. பழைய 15.6 இன்ச் ஸ்கிரீன்ல பெரும்பாலும் 16:9 விகிதம், அதாவது அகலம் அதிகம், உயரம் குறைவு. இப்ப வர்ற 14 இன்ச்ல நிறைய 16:10. கணக்கு போட்டுப் பாருங்க: 15.6 இன்ச்சோட உயரம் 7.65 இன்ச். 14 இன்ச்சோட உயரம் 7.42. கால் இன்ச்கூட வித்தியாசம் இல்லை! எக்ஸெல்ல வரிசைகள் கீழ்நோக்கித்தானே போகுது? நீங்க இழக்கிறது அகலத்துல, ஒண்ணே முக்கால் இன்ச் போல. ரெண்டு ஷீட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சு டேலி பண்றவங்களுக்கு அது உறுத்தும், மறைக்கலை. எழுத்து சின்னதா தெரியும்னு விண்டோஸ் பெரும்பாலும் 150% ஸ்கேலிங் வச்சிருக்கும். அதை 125% ஆக்கி, கண்ணு ஒத்துக்குதானு கடையிலேயே பார்த்துடுங்க.

பெரிய ஸ்கிரீன் வேணும்னா அதை ஏன் முதுகுல சுமக்கணும்? 24 இன்ச் மானிட்டரோட பரப்பு 15.6 இன்ச்சைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. சுமார் 9,000, 10,000 ரூபாய்க்குக் கிடைக்குது. அடுத்த லேப்டாப் மாத்தும்போதும் அதே மானிட்டர் கூட வரும். பிஜி ரூம்னா மேஜையில இடம் இருக்கானு மட்டும் அளந்துக்கோங்க.

பெர்ஃபார்மன்ஸ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பிராசஸர் பேர் ஒண்ணா இருந்தா வேகமும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. மெலிசான உடம்புல சூடு வெளியேற வழி குறைவு. பத்து நிமிஷம் தொடர்ந்து கனமான வேலை கொடுத்தா தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். பவர் பிஐ, எக்ஸெல், இருபது டேப் திறந்த பிரௌசர் இதுக்கெல்லாம் அது தெரியாது. 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். ஆனா மெலிசான மாடல்கள்ல ரேமை போர்டோட ஒட்டியே கொடுத்திடுவாங்க, பின்னாடி ஏத்த முடியாது. அதனால 8 ஜிபி எடுத்து காசு மிச்சம் பிடிக்கிற வேலை வேண்டாம்.

வீடியோ எடிட்டிங், 3டி, கேட் வேலை பண்றவங்களா? வீட்டிலேயே உட்கார்ந்து வேலையா? அப்ப கனமான மெஷினே சரி, இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. (நம்ம சேனல் வீடியோ எல்லாம் டெஸ்க்டாப்ல எடிட் ஆகுது.) நம்ம அக்கவுன்ட்ஸ் ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை: 14 இன்ச்ல நம்பர் பேட் இருக்காது. வவுச்சர் போடும்போது கை உடைஞ்ச மாதிரி இருக்கும். யுஎஸ்பி நம்பர் பேட் தனியா வாங்கி மேஜையிலேயே வச்சுக்கோங்க.

இப்ப அந்த "நோ காஸ்ட்" இஎம்ஐ. 95,000-ஐ 18-ஆல வகுத்தா மாசம் 5,278. வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியா கொடுத்துடுவார், ஆனா பேங்க் உங்ககிட்ட வட்டி போடத்தான் செய்யும், கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டிமேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில. 15% வட்டின்னு வச்சா அந்த ஜிஎஸ்டி மட்டும் சுமார் 1,870 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் தனி. பெரிய தொகை இல்லைதான், ஆனா "நோ காஸ்ட்" இல்லை. அதைவிட முக்கியம், சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு ஒன்றரை வருஷத்துக்குப் பிடிபட்டுடும்.

இன்னொண்ணு, இதை யாரும் கேக்குறதில்லை. உங்க ஹெச்ஆர்கிட்ட "கம்பெனியே லேப்டாப் தருமா?"ன்னு கேளுங்க. லேப்டாப் அலவன்ஸ்னு மாசாமாசம் பணமா கொடுத்தா அது சம்பளம், வரிக்கு உட்பட்டது. கம்பெனி வாங்கின லேப்டாப்பை நீங்க பயன்படுத்தினா அதுக்கு வரி கிடையாது. அப்புறமா அதை உங்களுக்கே கொடுத்தாலும், முழுசா முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் மதிப்பு பாதியாக் குறையும். 80,000 ரூபாய் லேப்டாப், மூணு வருஷம் முடிஞ்சா கணக்குல 10,000 தான். நீங்க 10,000 கொடுத்து எடுத்துக்கிட்டா வரிக்கு எதுவும் சேராது. சொந்தமா வாங்கினா, சம்பளக்காரருக்குத் தேய்மானம் கழிக்க வழியே இல்லை.

தம்பிக்கு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் மூணு பையில போட்டு, ஒரு வாரம் ஆபீஸ் போய்ட்டு வா. அதுதான் அந்த லேப்டாப்போட எடை. செலவு பூஜ்யம்.

மூணாவது நாள் போன் வந்துச்சு. "அண்ணா, பல்லாவரம் வர்றதுக்குள்ள ஒரு பாட்டிலைக் குடிச்சே காலி பண்ணிட்டேன்."

ஹெச்ஆர்கிட்ட கேட்டான், முடியாதுன்னுட்டாங்க. கடைசியில 58,000-க்கு 14 இன்ச், 1.4 கிலோ, 16 ஜிபி எடுத்தான். பாதி சேமிப்புல இருந்து, மீதி ஆறு மாச இஎம்ஐ. மானிட்டர் இன்னும் வாங்கலை. போனஸ் வரட்டும்னு இருக்கான்.