மணி ஒலிப்பதற்கு முன்னால்

பழங்காநத்தத்தில் இருக்கும் நீங்கள், சென்னையில் படிக்கும் அண்ணனை அலைபேசியில் அழைப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணை அழுத்துகிறீர்கள். ஓரிரு விநாடிகள் மௌனம். பிறகுதான் மணி ஒலிக்கிறது. அந்த மௌனத்தில் என்ன நடக்கிறது?

உங்களுக்கு முன்பாகவே இயந்திரங்கள் பேசிக்கொள்கின்றன! அண்ணனின் கருவி எங்கே இருக்கிறது? அழைப்பை ஏற்குமா? குரல் மட்டுமா, படமும் உண்டா? குரலை எந்த முறையில் எண்களாக மாற்றுவது? இவற்றை முடிவு செய்யும் பேச்சுக்குச் 'சமிக்ஞை' என்று பெயர். அந்தப் பேச்சின் இலக்கணமே சமிக்ஞை நெறிமுறை.

கல்யாணத் தரகரை நினைத்துப் பாருங்கள். இரு வீட்டாரையும் சந்திக்க வைப்பதோடு அவர் வேலை முடிகிறது. பிறகு பேசுவது அவர்கள்தாம். சமிக்ஞையும் அப்படியே. உங்கள் குரல் சிறுசிறு பொட்டலங்களாகத் தனியே பயணம் செய்கிறது.

இணையவழிப் பேச்சுக்கு இரண்டு நெறிமுறைகள் போட்டியிட்டன. 1996இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 'எச்.323' என்பதை வெளியிட்டது. அதன் செய்திகள் இரும எண் வடிவில் இருக்கும். கருவியின் துணையின்றி நம்மால் படிக்க முடியாது. 1999இல் இணையப் பொறியாளர்கள் 'எஸ்.ஐ.பி.' என்பதை வெளியிட்டார்கள். இதன் செய்திகள் கடிதம் போலச் சாதாரண எழுத்தில் இருக்கும். பதில்களுக்கு மூன்றிலக்க எண்கள் உண்டு. 180 என்றால் 'மணி ஒலிக்கிறது'. 200 என்றால் 'சரி'. 486 என்றால் 'வேறு பேச்சில் இருக்கிறார்'. 404 என்றால் 'அப்படி ஒருவர் இல்லை'. இணையப் பக்கம் கிடைக்காதபோதும் 404 என்று பார்த்திருப்பீர்களே! அந்த வழக்கத்தையே இங்கும் எடுத்துக்கொண்டார்கள்.

அலைபேசி வலைகளுக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2000இல் எஸ்.ஐ.பி.யைத் தேர்ந்தெடுத்தது. அதன் பலனை இந்தியா 2016 செப்டம்பர் 5 அன்று பெரிய அளவில் கண்டது. அன்று தொடங்கிய ஜியோ வலையில் 4ஜி மட்டுமே இருந்தது. பேசுவோருக்கென்று ஒரு தடத்தை முழுதாக ஒதுக்கும் பழைய ஏற்பாடு 4ஜியில் கிடையாது. எனவே ஒவ்வொரு அழைப்பும் எஸ்.ஐ.பி. மூலமே அமைந்தது. பிற நிறுவனங்களின் பழைய வலைகளோடு பேச, எல்லையில் மொழிபெயர்ப்புக் கருவிகள் உதவின.

அப்படியானால், ஒரு செயலியிலிருந்து வேறொரு செயலியில் உள்ள நண்பரைப் பொதுவாக ஏன் அழைக்க முடிவதில்லை? குரலையும் படத்தையும் அனுப்பும் முறை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் சமிக்ஞை அவரவர் சொந்தத் தயாரிப்பு. இரண்டு தரகர்களுக்கும் பொதுமொழி இல்லை!

நாளை நீங்களே ஒரு செயலி எழுதக்கூடும். உங்கள் வகுப்புத் தோழர்கள் மட்டும் பேசுவதற்கென்றால், எளிய சொந்த நெறிமுறையே போதும். ஊரிலுள்ள எல்லாத் தொலைபேசிகளோடும் பேச வேண்டுமென்றால், எல்லோரும் அறிந்த பொது நெறிமுறை வேண்டும். ஆகவே, எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், யாரோடு பேசப் போகிறோம் என்று கேளுங்கள். விடை தானே கிடைக்கும்.