கை படித்த பாடம்

பசறை, நமுனுகுல, ஹப்புத்தளை என ஊவாவின் எந்தத் தேயிலை மலையில் ஏறினாலும், நிரை பிடித்து நிற்கும் பெண்கள் பேசிக்கொண்டே கொழுந்து எடுப்பதைப் பார்க்கலாம். வாய் வீட்டுக்கதை பேசும். விரல்களோ இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளி, முற்றிய இலையைச் செடியிலேயே விட்டுவிடும். எப்படி என்று கேட்டால், "கை பழகிப் போச்சு" என்பார்கள்.

அந்தப் பழக்கம் பதிந்திருப்பது மூளையில். 1953இல் அமெரிக்காவில், கடும் வலிப்பால் அவதிப்பட்ட ஹென்றி மொலைசனின் மூளையில் இருபுறமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் புதிதாக எதைக் கேட்டாலும் சற்று நேரத்தில் மறந்துபோனார். உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைய அவரைப் பழக்கினார். முதல்நாள் வரைந்ததே மொலைசனுக்கு நினைவில்லை. ஆனாலும் நாளுக்கு நாள் கோடு திருந்தியது. பெயரும் சம்பவமும் பாடமும் ஹிப்போகேம்பஸ் வழியாகப் பதிகின்றன. கைத்திறனுக்குச் சிறுமூளையும் மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களும் வேண்டும்.

பாதை இரண்டானாலும் ஒரு விதி பொது. திரும்பத் திரும்பப் பயன்படும் நரம்பிணைப்பே வலுப்பெறும். அதற்கு இடைவெளியும் தூக்கமும் வேண்டும். ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரேயடியாக 68 தடவை படித்ததன் பலனை, மூன்று நாட்களில் பிரித்துப் படித்த 38 தடவையே தந்துவிட்டது.

கொழுந்து எடுக்கும் எவரும் ஒரே நாளில் கை தேறியவர் அல்லர். செடியின் மட்டம் பார்க்க மட்டக்கம்பு வைத்து, கங்காணியிடம் ஏச்சு வாங்கி, மறுநாளும் அதே மலைக்குப் போய்ப் பழகியவர்கள். லயத்துப் பிள்ளையோ புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுக்கக் கண்விழித்துப் படிக்கிறது. படித்ததை மூளை உறுதிப்படுத்தும் நேரமே அது அப்படி இழக்கும் தூக்கம்தான்.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதில் பிள்ளைக்கு உதவலாம். புத்தகத்தை மூடச் சொல்லி, "முந்தாநாள் என்ன படிச்ச?" என்று கேட்டாலே போதும். நினைவிலிருந்து தேடி எடுத்துச் சொல்லும்போது, வெறுமனே மறுபடி வாசிப்பதைவிடப் பாடம் ஆழமாகப் பதியும்.

தோட்டத்து வேலையைத் திறன் வேண்டாத கூலிவேலை என்று எழுதுவதை இனியாவது நிறுத்துவோம். வருடக்கணக்கில் மூளை உழைத்துக் கற்ற கல்வி அது. அந்தக் கல்வி பெற்ற தாய்மாருக்கு, பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் ஆசிரியர்கள் முன்வரிசையில் இடம் தரட்டும்.