புதினத்துள் ஒலிக்கும் பேச்சு: அண்மை வாசிப்பில் சில பதிவுகள்

மொழியியல் பயின்றோர் புதினம் படிக்கும் முறை சற்றே வேறுபட்டது. கதையின் போக்கை மனம் தொடர்ந்து செல்லும். செவியோ பாத்திரங்களின் பேச்சில் நின்றுவிடும். அண்மையில் நாம் படித்தவற்றுள் இரண்டு புதினங்கள் அவ்வாறு நம்மை நிறுத்தின. ஒன்று, பெருமாள்முருகனின் ‘பூக்குழி’. மற்றொன்று, நம் மலேசிய எழுத்தாளர் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’. முன்னது கொங்கு நாட்டுச் சிற்றூரையும் பின்னது ரப்பர்த் தோட்டத்தையும் களமாகக் கொண்டவை. இவ்விரண்டையும் முன்வைத்து, எழுதப்பட்ட பக்கத்தில் பேச்சுமொழி என்ன செய்கிறது என்பதைக் காண்போம்.

தமிழ் இரட்டை வழக்கு மொழி என்பது அவையோர் அறிந்ததே. எழுத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. இதனால் பிற மொழியாசிரியர் பலர் அறியாத ஒரு சிக்கல் தமிழ்ப் புதின ஆசிரியருக்கு உண்டு. ‘போயிட்டான்’ என்று எழுதுகிறோம். ஆனால் எவரும் அந்த னகர ஒற்றை முழுமையாக ஒலிப்பதில்லை. இறுதி ஆகாரம் மூக்கொலி பெறுகிறது, அவ்வளவே. அந்த ஒலிக்குத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. ‘போயிட்டா’ என்று எழுதினால், போனவள் பெண் என்று பொருள்படும். எனவே ஆசிரியர் ‘ன்’ என்று எழுதுகிறார். படிப்பவர் தம் செவியறிவால் அதனை மூக்கொலியாக மாற்றிக்கொள்கிறார். இன்னொன்று: அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், முதல் அசையின் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் பேச்சில் திரியும். இடம் ‘எடம்’ ஆகும். குடம் ‘கொடம்’ ஆகும். இதனை எழுதிக் காட்டுவோரும் உளர். வாசகர் திருத்திக்கொள்வார் என்று விட்டுவிடுவோரும் உளர். ஆக, அச்சில் நாம் காணும் பேச்சுத்தமிழ் ஒலிப்பதிவு அன்று. ஆசிரியரும் வாசகரும் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை.

இவ்வுடன்படிக்கை ஒரே நாளில் ஏற்பட்டதன்று. 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் பாத்திரங்கள் பெரும்பாலும் எழுத்துத் தமிழிலேயே உரையாடுகின்றன. பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் வீட்டுப் பேச்சு உள்ளே நுழைந்துவிடுகிறது. 1942-இல் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்குப் பேச்சைக் கொண்டுவந்தது. பெருமாள்முருகன் அம்மரபில் வந்தவர். கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவரும்கூட. அகராதி தொகுத்தவர் கதை எழுதினால் சொற்களைக் காட்சிக்கு வைத்துவிடுவாரோ என்னும் ஐயத்துடனேயே நாம் ‘பூக்குழி’யைக் கையிலெடுத்தோம். அவ்வாறு நேரவில்லை.

குமரேசன் சோடாக் கடையில் வேலை செய்பவன். தோலூரில் வாழ்ந்த சரோஜாவைக் காதலித்து மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். ஊர் அவளை ஏற்கவில்லை. அவன் தாய் மாராயி ஏசுகிறாள். ஒப்பாரி வைப்பதுபோல் நாள்தோறும் ஏசுகிறாள். கொங்குத் தமிழ் என்றதும் ‘ஏனுங்க’, ‘அம்மிணி’ என்னும் இன்விளிகளே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்நயமான வழக்கே இங்கு அயலாளை வெளியே நிறுத்தும் வேலியாகவும் ஆகிறது. மரியாதை விகுதிகள் நிறைந்த ஒரு வட்டார வழக்கில், விகுதி நீங்கிய பேச்சு எத்துணைக் கூர்மையாக வெட்டும் என்பதை இலக்கணநூல் விளக்குவதைக் காட்டிலும் இப்புதினம் நன்கு உணர்த்துகிறது.

சரோஜாவின் சாதி எது என்பதை ஆசிரியர் எங்கும் பெயர் சுட்டிச் சொல்லவில்லை. இதனை அச்சத்தால் நேர்ந்த மறைப்பாக நாம் கொள்ளவில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘என்ன ஆளு?’ என்று கேட்டால் அது சாதியைக் கேட்பதாகும். ‘ஆள்’ என்னும் பொதுச்சொல்லே சாதியைக் குறிக்கும் சொல்லாகக் குறுகிவிட்டது. அவ்வினாவுக்கு விடை கிடையாத இடத்தில் ஊரின் பகை தன் முழு உருவத்தைக் காட்டுகிறது. படிப்பவரும் தம்மை அறியாமல் அதே வினாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்புதினத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்ச்சியே. ஆயினும் மாராயியின் ஏச்சு எந்த ஆங்கிலத்தில் ஒலிக்க இயலும் என்று நமக்குத் தெரியவில்லை.

‘மண்புழுக்கள்’ 2006-இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் 2017-இல் விஷ்ணுபுரம் விருது பெற்றபின்தான் நம்மவர் சிலர் அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கினர்; இது நாம் பெருமைப்படத்தக்க செய்தியன்று. தோட்டப்புற மக்களின் வாழ்வைத் தோட்டப்புற மொழியிலேயே சொல்ல முனைந்த படைப்பு இது. எளிதில் படித்து முடிக்கக்கூடியதன்று. முதற்பக்கங்களைச் சற்று உரக்கப் படித்துப் பார்க்கும்படி நண்பர்களுக்குச் சொல்லி வருகிறோம். கண் தடுக்கும் இடங்களைச் செவி கடந்துவிடுகிறது.

நம் தோட்டத் தமிழின் சொற்களஞ்சியம் தனித்த ஆய்வுக்குரியது. ரப்பர் மரம் ‘கித்தா’ ஆனது மலாய்ச் சொல்லால். லயம், ஆங்கிலச் சொல்லின் திரிபு. தண்டல் என்பதோ தமிழிலிருந்து மலாய்க்குச் சென்று ‘தண்டில்’ என வழங்குவது. ‘பசியாறியாச்சா?’ என்று நாம் கேட்கிறோமே, அதில் அயற்சொல் ஒன்றுமில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் இஸ்லாமியத் தமிழரிடையே கேட்கலாமேயன்றிப் பிறரிடம் அரிதாகவே கேட்கலாம். தொல்காப்பியர் திசைச்சொல்லுக்குச் செய்யுளிலேயே இடமளித்தார். உரைநடைப் புதினத்தில் அதற்கு இடமில்லை என்பார் யாரை மேற்கோளாகக் கொள்கின்றனரோ!

‘இவை கொச்சை, மாணவர் கையில் கொடுக்கலாகாது’ என்னும் குரலை நாம் கேட்டிருக்கிறோம். சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுத்தது. அங்கே கற்பிக்கப்படுவது பொதுப் பேச்சுத்தமிழ், அதுவே முறை. ஆனால் வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு, ஒரு மூதாட்டி சினந்தால் தமிழ் எவ்வாறு ஒலிக்கும், கடன் கேட்பவர் எவ்வாறு சுற்றி வளைப்பார் என்பனவற்றைப் பொதுப் பேச்சு கற்பிக்காது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிய பின்னர் அம்மொழி பேசியோர் சிதறினர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அப்பேச்சு இனி அச்சில் மட்டுமே கிடைக்கலாம்.

அதனால்தான் வேறொரு போக்கு நமக்குக் கவலை தருகிறது. அண்மையில் இங்கு எழுதப்படும் கதைகள் சிலவற்றில், கிள்ளானில் பிறந்து வளர்ந்த இளைஞன் மதுரைத் திரைப்பட வழக்கில் பேசுகிறான். ஈசூன் அடுக்குமாடி வீட்டுப் பாட்டி சென்னைத் தொலைக்காட்சித் தொடர்போல் பேசுகிறாள். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை, பேச்சுத்தமிழ்தான். ஆனால் எவருடைய பேச்சும் அன்று. எழுத முனைவோர் ஒருநாள் பேருந்து நிலையத்தில் அமர்ந்து, ‘லா’ என்னும் ஈற்றசை எத்தகைய வினைமுற்றின்பின் வருகிறது, எதன்பின் வருவதில்லை என்று குறித்துப் பார்க்கலாம். அதற்கு விதி உண்டு. அதனை இன்னும் எவரும் செம்மையாக எழுதி வைக்கவில்லை என்றே எண்ணுகிறோம்.